பாதி இலை

மத்ரித் ஆவணக் காப்பகம், மூன்றாம் இழுப்பறை.
சிங்கோனாக் கிளை ஒன்று
இருநூற்று முப்பது ஆண்டாக வாடவில்லை.
இதழோர மயிரைக்கூட எண்ணிவிடலாம்.
கீழே ஓர் இலை மட்டும்
பாதி பச்சை, பாதி வெறும் கரிக்கோடு.
‘அக்கால ஓவிய மரபு’ என்கிறது குறிப்பு.

ஈத்சியார் உருப்பெருக்கியைத் தாழ்த்துகிறாள்.
பச்சை முடியுமிடத்தில்
கோடு நடுங்கியிருக்கிறது.

கீத்தோவிலிருந்து வந்த தொரீபியோ சாசி
அன்று முறைக்காய்ச்சலில் பல் கிட்டிக் கிடந்தான்.
படுத்த நாளுக்குக் கூலி இல்லை.
சன்னலுக்கு வெளியே கோவேறு கழுதைகள்
பட்டை மூட்டைகளோடு துறைமுகத்துக்கு இறங்கின;
அரச முத்திரை, ஒரு துண்டு குறையக் கூடாது.

மாதிரிக்கு வைத்த கிளைதான் மேசையில் இருந்தது.
கடித்திருப்பான்.

படத்தில், தண்டின் அடியில்
பட்டை உரிந்த ஓர் இடம்.
அதை மட்டும்
அத்தனை கவனமாக வரைந்திருக்கிறான்.