மூன்று மில்லிமீட்டர்

செங்கலடிச் சந்தியில் போட்டோகொப்பிக் கடைக்கு மேல்
ஒரு மின்விசிறி, இரண்டு மேசை,
சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்.
கதை இன்னும் இல்லை.
"முதல்ல கிறுக்குவம், பிறகு யோசிப்பம்" என்கிறாள் வேணுஜா.
கரண்ட் பில்லின் முதுகில்
தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு கட்டம்.
ஆட்கள் நெல்மணி அளவு.
இந்த அளவில் யாரையும் அழவைக்க முடியாது,
கண் வரைய இடமில்லை,
அதனால் நல்லது என்கிறாள்.

புதன்கிழமை.
சுவரில் கடைசியில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்.
கடன் தவணைக்காரன் வரும் புதன்கிழமை
சந்திவெளியில் ஓர் ஒழுங்கை
காலை ஒன்பதரைக்கே உறங்கிவிடும்.

நான் அவனைப் பெரிதாக வரைந்தேன்.
பக்கத்தின் முக்கால்வாசி ஹெல்மெட்.
வீடு அவன் முழங்காலுக்கு.
பெரியது முதலில் தெரியும், கறுப்பு முதலில் கனக்கும்,
படித்த பாடம் அதுதானே.
பென்சிலின் பின்பக்கத்தால் அவனைத் தட்டினாள்.
"இவர் என்ன சூரனா?
சம்பளம் எவ்வளவு இவருக்கு?"

இருபத்தெட்டாயிரம். பெற்றோல் தனி.
எனக்குத் தெரியும்.
இரண்டு வருடம் அந்த ஹெல்மெட்டுக்குள்
வியர்த்தது என் தலை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மின்விசிறி ஒரு தாளைப் பிய்த்துக் கீழே போட்டது.
எடுத்து வேறு இடத்தில் ஒட்டினாள்.
அங்கே அது இன்னும் பொருந்தியது.

பிறகு பேச்சுக்குமிழ்ச் சிக்கல்.
'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதினால்
குமிழ் ஊதிப் பெருத்து
பிள்ளையின் முகத்தை மூடுகிறது.
எழுத்தைச் சிறிதாக்கினால் எறும்பு.
இரண்டாய் உடைத்தால்
வந்துகொண்
டிருக்கிறார்கள்,
யாரோ வாசலில் தடுக்கி விழுந்ததுபோல.
அரை மணித்தியாலம் எழுத்துருவோடு மல்லுக்கட்டினேன்.
வேணுஜா அழித்துவிட்டு எழுதினாள்:
'வாறான் கா.'
குமிழுக்குள் காற்றாட இடம் கிடந்தது.
ஒளிந்திருந்து பேசிப் பேசித்தான்
எங்கட பேச்சு இப்படிச் சுருங்கியதோ, யார் கண்டார்.

என் கட்டங்கள் எல்லாம் கதவுகள்.
நீலக் கதவு, தகரக் கதவு,
பழைய சாறன் தொங்கும் வாசல்,
வீட்டுத்திட்ட இலக்கம் இன்னும் உரியாத பலகை.
பூட்டின் துரு வரை அத்துப்படி.
ஒரே கோணம், ஒரே உயரம்,
தட்டுகிற கையின் உயரம்.
"எல்லாம் வெளிய நிண்டு பார்த்ததுதானே" என்றாள்.
அந்த ஒழுங்கையில் மூன்றாவது வீடு அவள் மாமியுடையது.
அன்றுதான் சொன்னாள்.

உள்ளே என்ன என்று அவள் வரைந்தாள்:
கட்டிலுக்கடியில் இரண்டு பாதம், ஒன்றில் மட்டும் சொக்ஸ்.
அணைக்க மறந்த அடுப்பு.
ஒருத்தியின் கை இன்னொருத்தியின் வாய்மேல்.
வெளிச்சம் கதவின் கீழ்ச் சந்தால் மட்டும்,
அதை மறித்துக்கொண்டு இரண்டு சப்பாத்து.
என் சப்பாத்து.

இடப்பக்கம் என் கட்டம், வலப்பக்கம் அவளுடையது.
நடுவே அரை சென்டிமீட்டர் வெள்ளை.
கதவை நாங்கள் வரையவில்லை.
வாசிக்கிறவர் அதில் முட்டிக்கொள்ளட்டும்.

ஏறாவூரில் நௌபர் நானாவின் அச்சகம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"தம்பி, இந்தா ஓரத்துல நிக்கிற ஆள்
வெட்டுல போயிருவாரு.
மூணு மில்லிமீட்டர் உள்ளுக்கு எடுங்க."
போகட்டும் நானா, என்று வாயெடுத்தேன்.
அவன் போனால் பக்கம் இன்னும் சுத்தமாயிருக்கும்,
கண் நேரே கதவுக்குப் போகும்,
அதற்கும் ஒரு விதி கைவசம் இருந்தது.

வேணுஜா மௌஸை என் பக்கம் தள்ளினாள்.
"உள்ளுக்கு வாங்க.
ஹெல்மெட்டையும் கழட்டுங்க."

நானா தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.
தாடை, வாய்,
மூக்கு வரை வந்திருக்கிறேன்.
கண்ணுக்கு எவ்வளவு இடம் விடுவதென்று
தெரியவில்லை.