பிரேக் வெளிச்சம்

லிவா சாலையை விட்டு இறங்கி
மணலில் நின்ற பிக்கப்பின் பின்கதவில்
இரண்டு முழங்கைகளையும் ஊன்றினேன்.
பைனாகுலருக்குள் பூசம்
என் நாடிக்கு ஏற்ப ஆடியது.

மூச்சைப் பிடித்தால் நிற்கிறது.
நின்ற நொடியில் மூன்று புள்ளி மனப்பாடம்.
மறப்பதற்குள் குனிந்து
பின்விளக்கின் சிவப்பில் இறக்கிவைக்கிறேன்,
டெலிவரி நோட்டின் முதுகில்
டீ கிளாஸைக் கவிழ்த்து இழுத்த வட்டத்துக்குள்.

பிரேக்கை மிதித்தபடி சதக்கு
காயல்பட்டினத்தோடு பேசிக்கொண்டிருக்கிறான்.
மகள் ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கிறாள்.
கால் நழுவி
வட்டம் அணைந்துபோகிறது.
“மிதிடா!”
மறுபடி சிவப்பு. மறுபடி மூன்று.

பகலெல்லாம் குழாய் வரைகிறவன்,
அரை மில்லிமீட்டருக்கும் பதில் சொல்ல வேண்டியவன்.
இங்கே ஒரு நட்சத்திரம் பெருத்துவிட்டது
பென்சில் முனை ஒடிந்து.
இருக்கட்டும்.

இருபத்தாறு என்று எழுதி முடித்தபோது
போனை வைத்துவிட்டு இறங்கி வந்தான்.
தாளை வாங்கி, ஊதினான்.
இரண்டு பறந்தன.
எவை என்று தெரியவில்லை.
எண்ணிக்கையை நான் அடிக்கவில்லை.

“கொடு, நானும் பார்க்கிறேன்.”

ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.
அவன் வரைந்து முடிக்கும்வரை
என் காலடியில்
ஒருமுறைகூட அணையவில்லை சிவப்பு.