மாற்று ஓட்டுநர்

மணி பன்னிரண்டு தாண்டி,
தேச்சி-தோங் மதுக்கடை வாசலில்
சாவியை நீட்டிய விரல்களில்
நீல மார்க்கர் மை.
கணக்கு வாத்தியார்.
விளம்பரப் பலகையில் சிரிப்பவர்
பின்சீட்டில் ஒரு ஷூ கழன்று கிடந்தார்.

சோக் தோங்-உக் வண்டியை மெல்ல எடுத்தான்.
மார்ச் வரை அவனுக்கும் அலுவலகம் இருந்தது.
வீட்டைப் பொறுத்தவரை
இன்னும் இருக்கிறது.

சிவப்பு விளக்கில் கேட்டேவிட்டான்:
“சோக் யே-ரின்… உங்கள் மாணவிதான். எப்படிப் படிக்கிறாள்?”

“எத்தனையாவது வரிசை?”
கண் திறக்கவில்லை அவர்.

அது அவனுக்குத் தெரியாது.

இருபதாயிரம் வோன்.
அவள் படிக்கும் ஒரு மணி நேரத்தில்
பாதிக்குக்கூடக் காணாது.
குனிந்து வாங்கிக்கொண்டான்.

பேருந்து இல்லை, நடந்தான்.
ஒன்பதாம் மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம்.
தூங்காமல் படிக்கிறாள் என்று நிம்மதியானான்;
பிறகு அந்த நிம்மதியைச் சுமந்துகொண்டு
ஏற முடியாமல்
படியிலேயே உட்கார்ந்தான்.