பதினேழாம் கேமரா

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
நியாயமான விசாரணைக்குப் பிறகு சொல்லவும்:
தடைசெய்யப்பட்ட கருவி உங்கள் கட்டடத்தில்
உண்டா, இல்லையா.

மூன்றாம் மாடியில் கூட்டாட்சி அரசின் அலுவலகம்,
முன்னாள் படைவீரர் உதவித்தொகைப் பிரிவு.
அவர்கள் தரும் வாடகையில்தான்
கொதிகலன் எரிகிறது, என் அடுப்பும்.
போன வருடம் ‘இல்லை’ என்று போட்டேன்.
விற்றவர் சொன்னார், நம்பினேன்.
நம்புவதும் ஒருவகை விசாரணைதான் என்று
அப்போது ஒரு நினைப்பு.

துலூத்தில் ஜனவரி.
துறைமுகம் உறைந்து
இரும்புத்தாதுக் கப்பல்கள் கட்டிப்போட்டபடி கிடக்கின்றன.
ரெஜி பெல்லங்கர் சரக்கு வாசலில் ஏணி சாய்த்து
பதினேழாம் கேமராவைக் கழற்றினான்.
கையுறை போட்டால் திருகாணி பிடிபடாது,
கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டும்.
மாற்றி மாற்றிப் பார்த்தான்.
மாமியாரிடம் நான் கற்ற ஒரே ஃபின்னிஷ் வசவை
கீழே நின்று கடன் கொடுத்தேன்.

என் மேசையில், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில்,
மல்லாந்த ஆமைபோல் அது.
மேலே ஒட்டியிருந்தது நம் மாநிலத்து நிறுவனத்தின் பெயர்,
முகவரியில் நான் தினமும் கடக்கும் நெடுஞ்சாலை.
ரெஜி நகத்தால் ஓரத்தைக் கிளப்பினான்.
அடியில் இன்னொரு ஸ்டிக்கர்.
மூடியைத் திறந்தால் பச்சைப் பலகை,
சில்லின் முதுகில் பருக்கை அளவு எழுத்தில்
பட்டியலில் உள்ள பெயர்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள்.
இங்கே பூசணிக்காயே பருக்கை அளவு.

உரிமையாளர் மெர்ல் ஸ்டாட்லர்
அரிசோனா வெயிலிலிருந்து பேசினார்:
‘ஐம்பத்திரண்டு கேமரா, வில்மா.
விலை தெரியுமா?
அந்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டு.’

ஒட்டினேன். பொய் சொல்வானேன்,
கட்டைவிரலால் அழுத்திக்கூடப் பார்த்தேன்.
ஓரம் மட்டும் எழும்பி நின்றது.

என் கழுத்து அட்டையில் இருப்பதும் வெட்டிய பெயர்தான்.
கணவரின் பாட்டனார் பெயர் வாயில் நுழையவில்லை என்று
சுரங்கத்துச் சம்பளப் பேரேட்டில்
பாதியோடு நிறுத்தினார்களாம்.
அந்தக் காலத்திலும் ஒரு பட்டியல் இருந்தது,
யாரை எந்த வேலைக்கு எடுக்கக்கூடாது என்று.
அதனால் பட்டியல்களிடம் எனக்குப் பெரிய பக்தி கிடையாது.

ஆனாலும் பதிவுப் பெட்டியைத் திறந்து
பதினேழு கடைசியாகப் பார்த்ததைப் பார்த்தேன்.
குப்பைத்தொட்டி. ஒரு நரி. பனி.
பிறகு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிவந்த ஒருவர்.
கடிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.
தொப்பியைக் கழற்றி அதனாலேயே
முகத்தைத் துடைத்துக்கொண்டார்,
இங்கே யாரும் இல்லை என்ற தைரியத்தில்.

இந்த முகம் எந்தக் கம்பி வழியாக
எந்தக் கடல் தாண்டிப் போயிருக்கும்?
போகாமலும் இருக்கலாம். ரெஜிக்கும் தெரியாது.
தெரியாது என்பதற்குத்தான் கட்டமே இல்லை.

ஆனால் ஒன்று தெரியும்.
நான் பார்த்தேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி,
இரண்டாம் தரமும் பார்த்தேன்.
என்னைத் தடைசெய்யும் விதி
எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.
புதிதாக வரும் ஐம்பத்திரண்டும்
சுத்தமான சில்லோடு, சான்றிதழோடு
அவரை இதைவிடத் தெளிவாகக் காட்டும்.

‘ஆம்’ கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
மை உறைந்திருந்தது, உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினேன்.
கண்டதும் ஒரு வேலைநாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.
கண்டது காலை பதினொன்றுக்கு.
இப்போது நாலேகால், வெளியே இருட்டிவிட்டது.

மெர்லின் எண் மறுபடி ஒளிர்கிறது.
சுவரில் பதினேழு இருந்த இடத்தில்
வெளுத்த ஒரு வட்டம், நடுவே தொங்கும் ஒயர்.
ரெஜி ஏணியைத் தரையில் இழுத்துக்கொண்டு
பதினெட்டை நோக்கிப் போகிறான்.