பதினொரு புள்ளி வீடு

பள்ளத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும்
இரண்டாம் கட்டில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்.
அதுவும் மூன்றாவது தேக்குத் தூணுக்குப் பின்னால்,
கறுப்புக் குமிழ் சுவிட்சோடு.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு,
நின்றால் முகம் தெரியும்,
விரிசல் விட்டால் வைத்தியம் இல்லை.
வீட்டுக்குப் பதினொரு புள்ளி.
ஈப்போவில் மூன்று, அடையாறில் நான்கு,
கோயம்புத்தூரில் இரண்டு,
ஒன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது,
இன்னொன்று வழக்குப் போட்டிருக்கிறது.
பதினொன்றும் சம்மதித்தால் ஓர் ஆணி.

ஆகவே வயரெல்லாம் தரையில் போகிறது.
மோடத்துக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று,
மேசை விசிறிக்கு, கிரைண்டருக்கு,
ஆத்தங்குடிக் கல்லின் சிவப்புப் பூக்கள் மேல்
சாரையாய் நெளிந்து.

சித்திரையில் வந்தன இரண்டும்.
காரைக்குடிச் சந்தையில் வாங்கி
புத்தகப் பையில் ஒளித்துக் கொண்டுவந்தான் குமணன்.
வெள்ளைக்கு வெள்ளைப் பணியாரம் என்று பெயர்,
பழுப்புக்குக் கந்தரப்பம்.

முதல் வாரம் சார்ஜர் போனது.
இரண்டாம் வாரம் புதுச் சார்ஜர்.
மூன்றாம் வாரம், இருபதாம் தேதி, இரவு பதினொன்றரை,
எட்டுக் கடைகளின் ஜிஎஸ்டி கணக்கு
பாதி ஏறிக்கொண்டிருக்கையில்
மோடத்தின் பச்சைக் கண் மூடியது.
கத்தரித்தாற்போல் சுத்தமான வெட்டு.
பக்கத்தில் பணியாரம்
முன்னங்கால்களால் முகம் துடைத்துக்கொண்டிருந்தது,
பந்தியில் எழுந்தவர் மாதிரி.

கேட்டவரெல்லாம் மருந்து சொன்னார்கள்.
மிளகாய் அரைத்துப் பூசினேன்.
முயல் ஒரு தும்மலோடு தப்பியது.
தெரியாமல் பிளக்கைச் செருகிவிட்டுக்
கண்ணைக் கசக்கிய என் கணவர்தான்
இரவெல்லாம் அழுதார்.
வேப்பெண்ணெய் தடவினேன்.
வீடு முழுக்க நாறியது,
கந்தரப்பத்துக்குப் பழகிவிட்டது.

ஆடியில் ஒரு மத்தியானம்
சட்டென்று ஒரு சத்தம். விசிறி நின்றது.
முடி தீய்ந்த வாடை.
கந்தரப்பம் கல்மேல் பக்கவாட்டில் கிடந்தது,
ஒரு பக்க மீசை சுருண்டு கருகி.
தொடாதே என்று குமணனிடம் கத்திக்கொண்டே
மெயினை இறக்க ஓடினேன்.
அது எட்டாத உயரத்தில் இருப்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.
மாவுச் சட்டியைக் கவிழ்த்து ஏறினேன்.
திரும்பி வந்தபோது வயிறு ஏறி இறங்கியது.
கால் மணி நேரத்தில் எழுந்து கீரைத்தண்டு கேட்டது.
எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கோட்டையூர் அடைக்கலசாமி வந்து பார்த்தார்.
சுவரை விரலால் ஆசையாய்த் தட்டினார்.
"ஆணி கூடாதில்ல?"
"கூடாது."
"அப்ப அதைக் குத்தம் சொல்லாதீங்க.
தரையில கிடக்கிறதெல்லாம் அதுக்கு வேரு.
வழியில வேரு நீட்டுனா வெட்டத்தான செய்யும்."

செடிக்குத் தண்ணீர் விடும் பச்சை ஹோஸை
பிளேடால் நீளவாக்கில் கீறி
ஒவ்வொரு வயரையும் உள்ளே திணித்தார்,
அழுகிற பிள்ளைக்குச் சட்டை மாட்டுவதுபோல.
டிரிப்பர் பெட்டியைப் பலகையில் பொருத்தி
பலகையைத் தூணில் கயிற்றால் கட்டினார்.
தூணிலும் ஆணி இல்லை.

பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம்,
வேலை கொடுக்காவிட்டால் அதுவே தேடிக்கொள்ளுமாம்.
கொய்யாக் கிளை, முருங்கைக் குச்சி,
ஒரு பழைய பனையோலைப் பெட்டி
மூலையில் போட்டு வைத்திருக்கிறேன்.
பெட்டி மூன்று நாள் தாங்கியது.

நேற்று ஈப்போவிலிருந்து ஒரு குறுஞ்செய்தி.
ஆணி அடிக்க எனக்கு ஆட்சேபணை இல்லை,
முயல் படம் ஒன்று அனுப்பவும்.
அனுப்பினேன். இன்னும் பத்து.

படுக்கும்முன் பிளக்குகளை உருவிவிட்டு
டார்ச்சோடு குனிந்து குழாயைத் தடவிப்பார்க்கிறேன்.
கிரைண்டர் பக்கம், முழங்கை வளைவில்,
இரண்டு சின்னப் பள்ளங்கள். நேற்று ஒன்றுதான் இருந்தது.
நகத்தை விட்டு அளந்தேன்.
உள்ளே இருக்கும் கறுப்புக்கு
இன்னும் ஓர் அரிசி கனம் இருக்கிறது.