ஏழாவது ஆள்

கிளப்புக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
பந்து உதைக்கத் தெரியாது.
பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலை முடிந்து
செவ்வாய் இரவுகளில்
சமையலறையில் கால்குலேட்டரோடு உட்காருவேன்.

மைதான வாடகை குறையாது.
நடுவர் கூலி குறையாது.
வட மிச்சிகனில் பாதி வருடம் பனி,
உள்ளரங்கத்துக்குத் தனியாக அழ வேண்டும்.
மொத்தத்தைத் தலைகளால் வகுப்பேன்.

பதினெட்டுத் தலை இருந்தபோது
அது ஒரு தொகை.
டெலேனி ஹாக்கிக்குப் போனாள்.
பயிற்சியாளர் கெஸ்டியின் சொந்த இரட்டையரே
மூன்றரை மணிநேரத் தொலைவில்
பெரிய கிளப்பின் தேர்வில் ஜெயித்து
பெயர் தைத்த பைகளோடு போனார்கள்.
பதினைந்தால் வகுத்தேன்.
தொகை ஏறியது.
காகித ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஓர் அப்பா
“யோசித்துச் சொல்கிறேன்” என்றார்.
யோசித்துச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை.
அவர் மகள், மகள் போனதால் அவள் தோழி.
பதின்மூன்றால் வகுத்தேன்.

கணக்கில் தப்பில்லை, மூன்று முறை சரிபார்த்தேன்.
ஒவ்வொரு முறையும் சரியான விடை
இன்னொரு பிள்ளையைக்
கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிற்று.

மார்னி ஹெய்க்கிலா மட்டும்
‘விலகக் காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பியிருந்தாள்,
பச்சை மையில்:
சனிக்கிழமை காலையில் தூங்க வேண்டும்.
வயது பதின்மூன்று.
ஆறு வயதிலிருந்து தூங்கவில்லை.
குழுக் கூட்டத்தில் அந்தத் தாளை நான் காட்டவில்லை.
பல்லிடுக்கில் சிக்கிய நார்போல
அது கோப்பில் இருக்கிறது.

செப்டம்பர் கடைசிச் சனி.
ஏரிக்காற்றில் மூலைக் கொடிகள் படுத்துக்கிடந்தன.
ஏழு பேர் இல்லாமல் தொடங்கக் கூடாது, விதி.
எங்களுக்கு ஏழு பேர் இருந்தார்கள்
காலை ஏழு மணி வரை.
ஏழே காலுக்குக் குறுஞ்செய்தி: காய்ச்சல், ஸாரி.

எதிரணி ஒரே வேனில் வந்திறங்கியது.
முன்பெல்லாம் அவர்களுக்கு இரண்டு வேன்.
எண்ணினேன், கை தானாக எண்ணிவிடும்:
எட்டு.

நடுவர் பையனுக்குப் பதினேழு இருக்கும்.
கால்மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துவிட்டு ஊதினான்.
சீட்டில் எழுதினேன்: எங்களுக்கு 0, அவர்களுக்கு 3.
பந்து வெள்ளைக் கோட்டைத் தொடவே இல்லை,
மூன்று கோல்.

யாரும் காருக்குப் போகவில்லை.
அவர்களில் நெடுநெடுவென்று ஒருத்தி
சட்டையைக் கழற்றி உட்புறம் வெளியே மாட்டிக்கொண்டு
எங்கள் பக்கம் வந்து நின்றாள்.
யாரையும் கேட்கவில்லை.
தையல் பிரிகள் தொங்க, முதுகில் நான்கு
கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தது.

ஏழுக்கு ஏழு.
போகலாமே என்றார்கள் நடுவரிடம்.
போகாமல் விசிலைப் பையில் போட்டுக்கொண்டான்.
கெஸ்டி கத்த மறந்து
சூரியகாந்தி விதை மென்றார்.
நெடியவள் சொந்த கோல்கீப்பரைத் தாண்டி அடித்தாள்.
“துரோகி!” என்று கையுறை பறந்தது,
சிரிப்பும் பின்னாலேயே.

வேலிக்கு வெளியே மார்னி.
தெருவின் எதிர்வீடு அவளுடையது.
கன்னத்தில் தலையணை மடிப்பு,
பைஜாமா, நாய்.
“இது கணக்கில் சேருமா?”
“சேராது.”
“உண்மையாகவே?”
“சீட்டு எழுதியாகிவிட்டது.”
நாய்க்கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

விலகிப்போன பிள்ளைகள் மறந்த ஷூக்கள்
என் கார் டிக்கியில் ஒரு பெட்டி நிறைய.
டெலேனியுடையது பொருந்தியது.
எட்டுக்கு ஏழு. யாரும் முறையிடவில்லை.

எத்தனை கோல் என்று கேட்காதீர்கள்.
கணக்கு எழுதுகிறவள் நான்,
எனக்கே தெரியாது.

ஞாயிறு, லீக் அலுவலகத்துக்கு 0–3 அனுப்பினேன்.
செவ்வாய், ஏழால் வகுத்தேன்.
வந்த தொகையை எவருக்கும் அனுப்பத் துணியாமல்
பார்த்துக்கொண்டே இருந்ததில்
கால்குலேட்டர் தானே அணைந்தது.

மார்னி படிவம் எதுவும் கேட்கவில்லை.
நானும் நீட்டவில்லை.
ஷூ டிக்கியில் இருக்கிறது.
ஈரம் காயாமல், லேஸை அவிழ்க்காமல்
காலை உருவியிருக்கிறாள்.