பதினொரு விநாடி

தரையில் கோடுகள் இருக்கின்றன.
மஞ்சளைப் பிடித்துப் போனால் எக்ஸ்ரே,
சிவப்பு அவசரப் பிரிவு,
நீலம் மூன்றாம் மாடியில்
பிரசவ அறை வாசலுக்கு நாலடி முன்னால் தேய்ந்துவிடும்.
பிணவறைக்குக் கோடு கிடையாது.
அதற்கும் வழி தெரியும் எனக்கு.

ஒன்பது வருடம் தள்ளியிருக்கிறேன்.
ஏழாம் எண் ட்ராலி இடப்பக்கம் இழுக்கும்.
தூங்குகிறவர்களை அதில் ஏற்றுவதில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து டர்பனுக்கு இரண்டு டாக்ஸி மாறிப்
போய் வாங்கிவந்த படிவம்
சட்டைப்பையில் நாலாய் மடிந்து கிடக்கிறது.
ஓராண்டுச் சான்றிதழ், மூன்றாண்டு டிப்ளமா,
நான்காண்டுப் பட்டம், பேறுகாலமும் அதில் அடக்கம்.
கதிரியக்கத்துக்கு வேறு கட்டிடம், வேறு வரிசை.
ஆம்புலன்ஸ் படிப்புக்கு நீச்சல் தெரிய வேண்டுமாம்.
எதற்கு என்றேன்.
வெள்ளம் வந்தால், என்றாள் கவுன்டரில் இருந்தவள்,
தலை நிமிராமல்.
போன வெள்ளத்தில் அவள் வீடு போனதை
வரிசையில் பின்னால் நின்றவர் சொன்னார்.

பட்டத்துக்குச் சுத்தக் கணிதம் வேண்டும்.
மெட்ரிக்கில் நான் எடுத்தது மற்றது:
மின்கட்டணம், தள்ளுபடி,
அரை கேக்குக்கு எத்தனை கிண்ணம் மாவு.
பதினைந்து வயதில் ஒரு வெள்ளிக்கிழமை
கட்டத்தில் டிக் போட்டேன். சுலபமாக இருந்தது.
அது ஒரு திருப்பம் என்று
தரையில் யாரும் வரைந்து வைக்கவில்லை.

"இரண்டாம் வருஷம் பிரசவம் பார்க்கணும்" என்கிறாள் நோமுசா.
"எங்கள் வகுப்பில் ஒருவன் ஜன்னல் வழியாகவே போய்விட்டான்.
தரைத்தளம்தான்."
சிரிக்கிறாள். பிறகு சிரிக்காமல்,
"பாதிப் பேர் லண்டன், ரியாத். நீயும் போவாயா?"
முதல் வருஷமே தொடங்கவில்லையே, சிஸ்டர்.

சிஸ்டர் என்பது இங்கே பதவி.
மீசை வைத்த சிஸ்டர் முனியன்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
செவிலித்தாய் என்றொரு சொல் வந்தது ஞாபகம்.
அதிலும் எனக்கு இடமில்லை.

நேற்று இரவு எட்டுக்கு மின்வெட்டு.
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்
லிஃப்ட் நின்றுவிட்டது.
ட்ராலியில் திருமதி குமேதே, இடுப்பெலும்பு,
வியாழக்கிழமை அறுவை.
ஜெனரேட்டர் விழிக்கப் பதினொரு விநாடி.
இருட்டில் எண்ணி எண்ணி
இந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் அது பாடம்.
அவள் கை என் கையைத் தேடியது,
இல்லை, என் கைதான் தேடியதோ.
நர்ஸ்கள் வைத்துப் பார்த்த இடத்தில்
இரண்டு விரல் தாமாக உட்கார்ந்தன.
பதினான்கு.

வெளிச்சம் வந்தது.
டாக்டரா நீ, என்றாள் ஜூலுவில்.
தள்ளுகிறவன், என்றேன்.
"என்ன எண்ணிக்கொண்டிருந்தாய்?"
கதவு திறந்துவிட்டது.

படிவத்தில் ஐந்தாம் பக்கம்:
இப்பணியை ஏன் விரும்புகிறீர்கள்?
நூறு சொற்களுக்கு மிகாமல்.
ஓரத்தில் பென்சிலால்
பதினான்கை அறுபதால் பெருக்கிப்
பதினொன்றால் வகுத்தேன். இரண்டு முறை.
எழுபத்தாறு. கொஞ்சம் மிச்சம்.

நன்றாகத்தான் இருந்திருக்கிறாள்.
வியாழன் காலை கீழே இறக்கும்போது
சொல்ல வேண்டும்.